நடையைப் படமாக்கிய மாரே

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னை விடவில்லை. விடுதி நினைவுகள் எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கு ஏற்கெனவே வரிசையாக ஆள் நிற்கிறார்களாம். இன்றைய மாணவர்களுக்கும் பயன்படும்படி மறைந்த பெரியவர் ஒருவரின் வரலாறு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ சர் சி.வி. ராமனைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றி. பெயர் எத்தியென்-ஜூல் மாரே. மனிதன் எப்படி நடக்கிறான் என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். நடப்பதில் ஆராய என்ன இருக்கிறது, ஒரு வயசுக் குழந்தைகூட நடக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒருவன் கையை உடைத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974-இல் இயந்திரவியல் பிரிவில் சேர்ந்த எங்கள் செட்டில் என் அறை நண்பனுக்கு இடது கால் சூம்பியிருக்கும். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். காலிபர் எதுவும் போட்டுக்கொள்ள மாட்டான். ஆனால் ஒவ்வொரு தடவை இடது காலை ஊன்றும்போதும் இடது கையால் தொடையை அழுத்திக்கொள்வான். வகுப்புக்கு, மெஸ்ஸுக்கு, சினிமாவுக்கு எங்கே போனாலும் அந்தக் கை தொடையிலேதான். மூன்றாம் ஆண்டில் நாங்கள் அப்ளைடு மெக்கானிக்ஸ் எல்லாம் கரைத்துக் குடித்த மேதாவிகள் அல்லவா? அது வெறும் பழக்கம், கையை எடுத்துவிட்டு நடந்து பழகினால் கால் தானாகத் தேறும் என்று அவனுக்கு உபதேசம் செய்தோம். அதிலும் நான்தான் முன்னணி. தினமும் நச்சரித்தோம். ஒரு நாள் மெஸ் படியில் கையை எடுத்துவிட்டு இறங்கினான். இரண்டாவது படியில் முழங்கால் மடங்கியது. தரையில் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டோடுதான் செமஸ்டர் பரீட்சை எழுதினான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்தார்கள். எங்களைத் திட்டவில்லை. கொண்டுவந்த முறுக்கை எனக்கும் எடுத்துக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பட்டம் வாங்கி வெளியே வந்ததும் செயற்கைக் கால்களும் காலிபர்களும் செய்யும் ஒரு பணிமனையில் எனக்கு வேலை கிடைத்தது. தற்செயல்தான், பரிகாரம் தேடிப் போனேன் என்றெல்லாம் யாரும் கற்பனை செய்ய வேண்டாம். அங்கே ஒரு பழைய புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், விசிறி விரித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து செல்கின்றன. மனிதன் இல்லை; முகம் இல்லை; கையும் காலும் இருந்த இடங்களில் கோடுகள் மட்டும். ஆனால் ஒருவன் நடந்து போகிறான் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. படத்துக்குக் கீழே மாரே என்ற பெயர். அன்றிலிருந்து, ஆங்கிலத்தில் கிடைத்தவற்றை வைத்து அவரைப் படித்து வருகிறேன்.

மாரே பிறந்தது 1830-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி, பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள போன் என்ற ஊரில். (நாம் பேசுகிற போன் அல்ல. திராட்சை மதுவுக்குப் பேர்போன ஊர்.) தந்தைக்கு மது வணிகத்தில் வேலை. மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது தாயின் ஆசை; டாக்டர் ஆக வேண்டும் என்பது தந்தையின் ஆசை; பையனுக்கோ என்ஜினீயர் ஆக வேண்டும் என்று ஆசை. நம் வீடுகளில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நடக்கிற அதே பஞ்சாயத்துதான். அப்பா ஜெயித்தார். 1849-இல் மாரே பாரிஸ் சென்று மருத்துவம் சேர்ந்தார். ஆனால் உள்ளே இருந்த என்ஜினீயர் சாகவில்லை. 1859-இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டின் பொருள் இரத்த ஓட்டம். குழாய், அழுத்தம், மீள்தன்மை என்று முழுக்க நம் இலாகா.

டாக்டராகத் தொழில் நடத்திப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. ஆனால் 1860-இல் அவர் செய்த ஒரு சிறு கருவி அவர் பெயரை ஐரோப்பா முழுதும் கொண்டுசென்றது. நாடியை விரல் வைத்துப் பார்த்து டாக்டர்கள் தம் அனுபவத்தால் கணிப்பதுதான் அதுவரை வழக்கம். மாரே மணிக்கட்டில் ஒரு மெல்லிய வில்லையும் நெம்புகோலையும் கட்டினார். நாடி துடிக்க, நெம்புகோலின் நுனி ஏறி இறங்கி, புகைக்கரி படிந்த காகிதத்தில் தானே ஒரு கோட்டை எழுதியது. டாக்டரின் விரல் உணர்ந்தது அந்த விரலோடு போய்விடும். காகிதத்தில் எழுதியதைப் பத்துப் பேர் பார்க்கலாம், நாளைக்கும் பார்க்கலாம், நேற்றையதோடு ஒப்பிடலாம். அடுத்த சில ஆண்டுகளில் லியோனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஷோவோவுடன் சேர்ந்து, உயிருள்ள குதிரையின் இதயத்துக்குள்ளேயே குழாய் செலுத்தி, அறைகளின் அழுத்தத்தை எழுத வைத்தார்.

1864-இல் பாரிஸில் சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். ஒரு காலத்தில் புகழ்பெற்ற நாடகக் குழு நடித்த பழைய அரங்கக் கட்டடம் அது. 1869-இல் கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியர் ஆனார்.

இனி நடைக்கு வருவோம். அன்று நடையைப் பற்றி மிகுந்த மதிப்போடு சொல்லப்பட்ட கருத்து ஜெர்மனியைச் சேர்ந்த வேபர் சகோதரர்களுடையது. இயற்பியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். காந்தப் பாயத்தின் அலகு வேபர் என்கிறோமே, அந்த வில்ஹெல்ம் வேபரும் அவர் தம்பி எடுவார்டும். 1836-இல் அவர்கள் வெளியிட்ட நூலில், தரையில் ஊன்றாத கால் கடிகாரத்தின் ஊசல் போலப் புவியீர்ப்பாலேயே முன்னால் ஆடி வருகிறது, தசைக்கு அங்கே வேலை இல்லை என்று எழுதினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரான்சில் துஷென் என்ற மருத்துவர் வாத நோயாளிகளைக் கவனித்து இதை மறுத்தார். இடுப்பை மடக்கும் தசைகள் செயலிழந்தவனால் காலை முன்னே கொண்டுவர முடியவில்லை. வெறும் ஊசல்தான் என்றால் ஏன் வரவில்லை? யார் சொல்வது சரி? இதைத் தீர்த்து வைக்க யாரிடமும் அளவு இல்லை. எல்லோருக்கும் இருந்தது கண் மட்டும். நடக்கும்போது ஒரு கால் முன்னே வருவதற்கு அரை நொடிகூட ஆவதில்லை. அதற்குள் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் தனித்தனியே மடங்கி நிமிர்கின்றன. கண் எதைப் பிடிக்கும்?

மாரே நாடிக்குச் செய்ததையே காலுக்கும் செய்தார். தடித்த ரப்பர் அடி வைத்த ஒரு ஷூ. அடிக்குள்ளே காற்றறை. பாதம் தரையை அழுத்தியதும் காற்று ஒரு குழாய் வழியே தள்ளப்பட்டு, ரப்பர் சவ்வு போர்த்திய சின்னஞ்சிறு உலோகக் கிண்ணத்துக்குப் போகும். சவ்வு உப்பும், அதன்மேல் உள்ள நெம்புகோல் எழும்பும், சுழலும் உருளையில் கோடு விழும். நடப்பவர் உருளையைக் கையிலேயே ஏந்திக்கொண்டு நடக்கலாம். அவரது மாணவர் கார்லே இந்த வழியில் நடையை ஆராய்ந்து 1872-இல் ஆய்வேடு முடித்தார். மறு ஆண்டு மாரேயின் புகழ்பெற்ற நூலான உயிரி எந்திரம் வெளிவந்தது.

அந்தக் கோடுகள் சொன்ன முதல் செய்தியையே இன்றைக்கும் நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்வேன். நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் இல்லை. நடக்கும்போது ஒரு கால் தரையை விடுவதற்கு முன்பே மற்றக் கால் வந்து தொட்டுவிடுகிறது. கொஞ்ச நேரம் இரண்டு கால்களுமே தரையில் இருக்கின்றன. ஓடும்போது அப்படி ஒரு கணமே கிடையாது; அதற்கு மாறாக இரண்டு கால்களும் அந்தரத்தில் இருக்கும் கணம் வருகிறது. மெதுவாக ஓடலாம், வேகமாக நடக்கலாம். ஒலிம்பிக் நடைப் போட்டியில் நடுவர்கள் உற்று உற்றுப் பார்ப்பது இதைத்தான்.

மனிதனோடு நிற்காமல் குதிரைக்கும் இதே ஏற்பாட்டைச் செய்தார். குளம்புக்கு அடியில் காற்றறை, சவாரி செய்பவர் கையில் எழுதும் கருவி. நாலுகால் பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் ஒரே சமயம் தரையை விட்டுவிடுகின்றன என்பது காகிதத்தில் விழுந்தது. அமெரிக்காவில் ரயில்வே முதலாளியும் குதிரைப் பிரியருமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு மாரேயின் ஆய்வை அறிந்திருந்தார். அவருக்காக மய்பிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878-இல் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படம் பிடித்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படங்கள் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் வந்ததும் மாரே துள்ளிக் குதித்துவிட்டார். உடனே ஆசிரியருக்குக் கடிதம் எழுதி மய்பிரிட்ஜின் தொடர்பைக் கேட்டார். 1881-இல் மய்பிரிட்ஜ் பாரிஸ் வந்தபோது மாரே அவரை வீட்டுக்கு அழைத்து, ஊர்ப் பெரிய விஞ்ஞானிகளையெல்லாம் கூட்டி விருந்து வைத்தார். ஒரு வேடிக்கை: இருவரும் பிறந்த ஆண்டு 1830, இறந்த ஆண்டு 1904, அதுவும் மே மாதம், சில நாள் இடைவெளியில். ஆங்கில எழுத்தில் இருவரின் பெயர்ச் சுருக்கமும் ஒன்றே. ஜாதகம் பார்க்கிறவர்கள் யோசிக்கட்டும்.

ஆனால் மாரேக்கு மய்பிரிட்ஜின் படங்கள் போதவில்லை. பன்னிரண்டு காமிரா என்றால் பன்னிரண்டு கோணம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதில் உறுதி இல்லை. பார்க்க அழகு; அளக்க முடியாது. பறவைப் படங்களோ இன்னும் மோசம். மாரே குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகருக்குப் போய்த் தங்குவது வழக்கம். 1882-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே அவர் துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்தார். குழலில் லென்ஸ், தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் சுழலும் தட்டு, விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம். கடற்கரையில் நின்று பறவைகளைக் குறிபார்ப்பார். சத்தமும் வராது, பறவையும் விழாது. ஒன்றையும் சுடத் தெரியாத பைத்தியக்காரர் என்று அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

அதே 1882-இல் பாரிஸ் நகரின் எல்லையில், புவா த பூலோஞ் காட்டுப் பூங்காவை ஒட்டி, உடலியல் நிலையம் ஒன்று அவருக்கு அமைந்தது. நகரசபை இடம் தந்தது, அரசு பணம் தந்தது. சும்மா தரவில்லை. 1870-71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற நாடு அது. சிப்பாய் களைக்காமல் அதிக தூரம் நடக்க வழியுண்டா, மூட்டை எவ்வளவு சுமக்கலாம், பூட்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்பவை இராணுவத்தின் கேள்விகள். விஞ்ஞானத்துக்குக் காசு எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை மாணவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். அன்றும் அப்படித்தான்.

நிலையத்தில் 500 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை. ஓரத்தில் 50 மீட்டருக்கு ஒன்றாகத் தந்திக் கம்பம். நடப்பவர் கம்பத்தைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே கருவி குறித்துக்கொள்ளும். மணியடித்துத் தாளம் கொடுத்து, தாளத்தைக் கூட்டிக் கொண்டே போய்ப் பார்த்தார்கள். தாளம் கூடக் கூட அடியின் நீளமும் கூடுகிறது. ஒரு எல்லைக்கு மேல் தாளத்தை விரட்டினால் அடி குறுகத் தொடங்குகிறது. அதற்கு மேல் சிப்பாயை அதட்டி லாபமில்லை. அவன் வேர்த்துக் கொட்டுவான், ஊர் போய்ச் சேர மாட்டான்.

பாதையின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கொட்டகை. உள்ளே கறுப்பு வெல்வெட் துணி. வெள்ளை உடுத்தியவர் அதன் முன்னே நடப்பார். எதிரே ஒரே காமிரா, ஒரே தட்டு. லென்ஸுக்கு முன் துளையிட்ட வட்டத்தகடு சீராகச் சுழலும். துளை கடக்கும்போதெல்லாம் ஒளி உள்ளே போய் ஒரு படம். ஒரே தட்டில் நடையின் எல்லாக் கணங்களும் பக்கத்தில் பக்கத்தில் விழும். தட்டு அசைவதில்லை, காமிரா அசைவதில்லை. ஆகவே தூரமும் நேரமும் இரண்டும் கைக்குள் இருக்கின்றன. கோணம் ஒன்றே.

இதில் ஒரு தொல்லை. அடுத்தடுத்த படங்களை நெருக்கமாக எடுத்தால் வெள்ளை உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். 1883-இல் மாரே செய்ததை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். நடப்பவருக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தினார், முகத்தையும் மூடி. பிறகு மூட்டுகளில் பளபளக்கும் பொத்தான்கள். கை கால் நீளத்துக்கு வெள்ளைப் பட்டைகள், அதுவும் காமிராவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும். படத்தில் மனிதன் காணாமல் போனான். அவன் நடை மட்டும் மிஞ்சியது. நான் அந்தப் பழைய புத்தகத்தில் கண்ட வெள்ளைக் கோட்டு விசிறி இதுதான். இன்று சினிமா கம்ப்யூட்டர் வேலைகளில் நடிகர்களுக்குக் கறுப்பு உடுத்தி, மூட்டுக்கு மூட்டு ஒளிரும் சிறு உருண்டைகள் ஒட்டுகிறார்களே, அதற்கு மூலம் அந்தக் கொட்டகை.

மாரேயும் உதவியாளர் ஜார்ஜ் தெமெனியும் சேர்ந்து இன்னொன்றும் செய்தார்கள். பலகைக்கு அடியில் ரப்பர் குழாய்களைச் சுருள் சுருளாக வைத்து, பாதம் தரையை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதை எழுத வைத்தார்கள். படமும் விசையும் சேர்ந்து கிடைத்ததும், ஒரு அடிக்குத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட்டு 1885-இல் வெளியிட்டார்கள். மூன்றாண்டு கழித்துத் தெமெனியும் கெனு என்ற மருத்துவரும் நோயாளிகளின் நடையையும் இதே நிலையத்தில் படம் பிடித்தார்கள்.

சரி, கடைசியில் தெரிந்தது என்ன? இன்றைய அளவுகளோடு சேர்த்துச் சொல்கிறேன்; எழுந்து நாலடி நடந்துகொண்டே படித்தால் நன்றாகப் புரியும்.

ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும்வரை ஒரு சுற்று. அதில் சுமார் 60 சதவீதம் அந்தக் கால் தரையில் இருக்கிறது. 40 சதவீதம் காற்றில். இரண்டு கால்களும் தரையில் இருக்கும் நேரம் சுற்றுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 சதவீதம். ஊன்றிய கால் மேல் உடல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது, தலைகீழாக நட்ட ஊசல் போல. இரண்டு கால்களும் தரையில் உள்ளபோது உடல் தாழ்ந்தும், ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கும்போது உயர்ந்தும் போகிறது. இந்த ஏற்ற இறக்கம் நாலைந்து சென்டிமீட்டர். தரை நம்மை மேலே தள்ளும் விசையை வரைந்தால் ஒட்டக முதுகு போல இரண்டு திமில் வரும். திமிலில் விசை நம் உடல் எடையைவிடச் சற்று அதிகம், நடுப்பள்ளத்தில் குறைவு. முதல் திமில் எடையை வாங்கிக்கொள்ளும்போது. இரண்டாவது, கெண்டைத் தசை கணுக்காலை நிமிர்த்தித் தள்ளும்போது.

வேபர் சகோதரர்களின் ஊசல் என்ன ஆயிற்று? ஜெர்மனியிலேயே பிரவுனே, ஃபிஷர் என்ற இருவர் 1891-இல் ஒரு சிப்பாயின் உடலில் ஒளிரும் வாயுக் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, பல பக்கங்களிலிருந்து படம் பிடித்தார்கள். பிரவுனே மறு ஆண்டே இறந்துபோனார். ஃபிஷர் தனியே உட்கார்ந்து கணக்குப் போட்டு 1895 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். கால்குலேட்டர் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். தசை உதவாமல் கால் முன்னே வராது என்பது அதில் முடிவாயிற்று. வேபர்களும் முழுத் தப்பு இல்லை. சாதாரண வேகத்தில் நடக்கும்போது கால் கிளம்பியபின் நடுவழியில் தசைக்கு வேலை மிகக் குறைவுதான். கிளப்பிவிடுவதும் கடைசியில் பிடித்து நிறுத்துவதும்தான் தசையின் பாடு.

இப்போது என் நண்பனின் முழங்காலுக்கு வருகிறேன். குதிகால் தரையைத் தொட்டு எடை விழத் தொடங்கியதும், தரையின் விசைக்கோடு முழங்காலுக்குப் பின்புறமாகச் செல்கிறது. அது முழங்காலை மடக்கப் பார்க்கும். ஆரோக்கியமான காலில் 15, 20 பாகை மடங்கவிட்டு, தொடையின் முன்புறத் தசை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு அதிர்ச்சி தெரியாமல் இருப்பது இந்தச் சிறு மடக்கத்தால்தான். அவனுக்கு அந்தத் தசை இல்லை. பிடிக்க ஆளில்லாத முழங்கால் மடங்கிக்கொண்டே போகும். அந்தக் கணத்தில் அவன் கை தொடையைப் பின்னுக்குத் தள்ளி முழங்காலை நேராகப் பூட்டிவிடுகிறது. பழக்கம் என்று நாங்கள் சொன்னோமே, அது அவன் இரண்டு வயதுக்குப் பிறகு தானே கண்டுபிடித்த தசை. அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த எங்கள் ஒருவர் கண்ணுக்கும் அது படவில்லை. எழுத்துத் தெரியாத அவன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னாளில் அவனுக்கு முழங்கால் பூட்டுள்ள காலிபர் செய்துகொடுத்தேன். வாங்கிக்கொண்டான், வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் போட்டுக்கொள்கிறான். வீட்டில் கைதான் சௌகரியமாம்.

மாரேயின் கதையில் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 1888-இல் அசையாத் தட்டை விட்டு, நகரும் காகிதச் சுருளில் படம் பிடிக்கத் தொடங்கினார்; பிறகு செல்லுலாய்டு. 1889-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த எடிசன் அவரைச் சந்தித்தார். 1895-இல் லூமியேர் சகோதரர்கள் திரையில் காட்டினார்கள், சினிமா பிறந்தது. மாரே அந்தப் பக்கம் போகவில்லை. கண்ணுக்கே தெரிகிற ஒன்றைத் திரும்பக் கண்ணுக்குக் காட்டுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. வேகமானதை மெதுவாக்கி, கண் தவறவிட்டதைக் காட்டினால் தவிர அது அவருக்குப் பொழுதுபோக்குதான். தெமெனி அப்படி நினைக்கவில்லை, வியாபாரமாக்கப் பார்த்தார். 1894-இல் இருவரும் பிரிந்தார்கள். குளிர்காலம் முழுதும் மாரே நேப்பிள்ஸில் இருந்து கடிதத்தில் உத்தரவு அனுப்ப, பாரிஸில் நின்று வேலை பார்த்தவர் தெமெனி. அவர் பக்கம் நியாயம் அறவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அதே 1894-இல் ஒரு பூனையைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே விட்டுப் படம் பிடித்தார். எதையும் உதைக்காமல், காற்றிலேயே உடலைத் திருகி, நாலு காலில் வந்து இறங்குகிறது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பெரிய மனிதர்கள் இது இயக்கவியல் விதிக்கே விரோதம் என்று கலங்கிப் போனார்கள். பூனை விதியை மீறவில்லை. முன்னுடலையும் பின்னுடலையும் தனித்தனியே திருப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். மறு ஆண்டு அந்தக் கழகத்துக்கே மாரே தலைவராக இருந்தார். கடைசி ஆண்டுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் புகைக் கோடுகளை ஓடவிட்டு, காற்று எப்படித் தடைகளைச் சுற்றிப் போகிறது என்று படமெடுத்தார்; விமானம் பறப்பதற்கு முந்திய காலம் அது. 1904 மே மாதம் பாரிஸில் காலமானார்.

நிலையத்தை ஒட்டி அவர் பெயரில் எழுந்த ஆய்வுக்கூடத்தை 1970-களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ரோலான் காரோஸ் டென்னிஸ் மைதானத்தை விரிவாக்க இடம் தேவைப்பட்டது. டி.வி.யில் பிரெஞ்சு ஓபன் பார்க்கும்போது, பந்தைத் துரத்தும் ஆட்டக்காரர்களின் முழங்காலைத்தான் நான் பார்ப்பேன். வீட்டில் ஸ்கோர் கேட்டால் சொல்லத் தெரியாது.

என் நண்பன் இந்த ஆண்டு கூட்டத்துக்கு வருகிறான். மூத்த மாணவர்களை மேடைக்கு அழைத்து மரியாதை செய்யப்போவதாக நிகழ்ச்சி நிரலில் கண்டேன். தொண்டர்களாக நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அவன் படி ஏறும்போது உதவி செய்வதாக நினைத்து இடது கையைப் பிடித்துவிடாதீர்கள். அந்தக் கைக்கு வேலை இருக்கிறது. வலப்பக்கம் நின்றுகொள்ளுங்கள், போதும்.